ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்றார்களே, 1,500 யூரோ எதற்கு?

கேள்வி: என் மகன் பி.இ. மெக்கானிக்கல் முடித்தவன். ஜெர்மனியில் அரசுப் பல்கலைகளில் கல்விக் கட்டணமே கிடையாது என்று சொல்லி ஒரு கன்சல்டன்சி 2 லட்சம் ரூபாய் சர்வீஸ் சார்ஜ் வாங்கியது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஓர் அரசுப் பல்கலையில் மாஸ்டர்ஸ் இடம் கிடைத்திருக்கிறது. கடிதத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும் என்று இருக்கிறது. கேட்டால், "எங்கள் கணக்கில் 1.95 லட்சம் போடுங்கள், நாங்கள் கட்டிவிடுகிறோம். உங்கள் மைத்துனர் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்ப்பதால் இரண்டாவது செமஸ்டரிலிருந்து விலக்கு வாங்கித் தருகிறோம், அதற்கு 60,000 தனி" என்கிறார்கள். ஒரு செமஸ்டர் அங்கே படித்துவிட்டுக் கட்டணம் இல்லாத மாநிலத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார்கள். கடிதம் உண்மையா? பணம் கட்டலாமா? - ஓசூர் வாசகர்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கடிதம் உண்மையானதாகத்தான் தெரிகிறது. 1,500 யூரோவும் உண்மை. அந்த 60,000 ரூபாய் மட்டும் சுத்தமான ஏமாற்று. அதைக் கொடுக்காதீர்கள். 1.95 லட்சத்தையும் அவர்கள் கணக்கில் போடாதீர்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம், இந்த இரண்டையும் இன்றைக்கே நிறுத்துங்கள்.

ஜெர்மனியில் உயர்கல்வி மத்திய அரசின் கையில் இல்லை. 16 மாநிலங்களும் தத்தம் பல்கலைகளுக்குத் தனித்தனியாகச் சட்டம் போட்டுக்கொள்கின்றன. ஆகவே "ஜெர்மனியில் கட்டணம் இல்லை" என்ற வாக்கியமே அரைகுறை. எந்த மாநிலம் என்று கேட்டுவிட்டுத்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். தென்மேற்கு மூலையில் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017-18 குளிர்காலச் செமஸ்டரிலிருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஹைடல்பர்க், ஃபிரைபர்க், ட்யூபிங்கன், கார்ல்ஸ்ரூவின் கே.ஐ.டி., ஸ்டுட்கார்ட், உல்ம், மன்ஹைம், கான்ஸ்டன்ஸ், ஹோஹன்ஹைம் என்று அம்மாநிலத்தின் ஒன்பது அரசுப் பல்கலைகளிலும் இதே தொகைதான். எஸ்லிங்கன், ராய்ட்லிங்கன், ஆலன், ஆஃபன்பர்க் போன்ற ஊர்களில் இருக்கும் பயன்பாட்டு அறிவியல் கல்லூரிகளிலும் அதேதான். "எங்களுக்குத் தெரிந்த காலேஜில் மட்டும் கிடையாது" என்று எவராவது சொன்னால் அவருக்கு விஷயம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியக்கூடாது என்று நினைக்கிறார்.

இதே மாநிலம் 2007 முதல் எல்லா மாணவர்களிடமும் செமஸ்டருக்கு 500 யூரோ வாங்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்பு வலுத்து 2012-இல் ரத்து செய்தார்கள். ஐந்தே ஆண்டில் வெளிநாட்டு மாணவர் தலையில் மட்டும் மூன்று மடங்காகத் திரும்பி வந்தது. உள்ளூரில் ஓட்டு இருப்பவனிடம் கேட்க முடியாது, இல்லாதவனிடம் கேட்கலாம் என்ற கணக்கு. அந்த 1,500-இல் 300 யூரோதான் பல்கலையிடம் தங்குகிறது, மீதி மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. "இவ்வளவு கட்டுகிறோமே, என்ன கூடுதல் வசதி?" என்று பல்கலையில் போய்க் கேட்டால் அங்கே இருப்பவர்களும் கையைத்தான் விரிப்பார்கள். அவர்கள் கேட்டு வந்த கட்டணம் அல்ல இது.

கடிதம் உண்மையா என்று பார்ப்பதற்கு லெட்டர்ஹெட்டையும் முத்திரையையும் உற்றுப் பார்த்துப் பயனில்லை. அதை யாரும் செய்துவிடலாம். பல்கலையின் விண்ணப்பத் தளத்தில் உங்கள் மகன் தன் கணக்கில் நுழைந்து, "அனுமதி வழங்கப்பட்டது" என்ற நிலை அங்கே காட்டுகிறதா, அதே கடிதம் அங்கிருந்து இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கன்சல்டன்சிகள் மாணவன் பெயரில் தாங்களே ஒரு மெயில் ஐ.டி. உருவாக்கி, அதை வைத்தே பல்கலைத் தளத்திலும், விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட்டிலும், இந்தியச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ்.ஸிலும் கணக்குத் தொடங்கிவிடுகின்றன. பாஸ்வேர்டு அவர்களிடம். பல்கலை அனுப்புவதெல்லாம் முதலில் அவர்களுக்குப் போகிறது, அவர்கள் வடிகட்டித் தருவதுதான் உங்களுக்கு வருகிறது. கட்டண அறிவிப்பில் எந்தத் தேதி, எந்தத் தொகை, எந்தக் கணக்கு என்று நீங்கள் பார்த்ததே இல்லை என்றால் காரணம் இதுதான்.

எனவே முதல் வேலை பாஸ்வேர்டுகளை வாங்குவது. பாக்கிப் பணம் ஏதாவது தர வேண்டியிருந்தால், இது கைக்கு வந்த பிறகு கொடுங்கள். வாங்கியதும் அந்த மெயிலின் மீட்பு எண்ணை மகனின் செல்போனுக்கு மாற்றி, பாஸ்வேர்டையும் மாற்றிவிட வேண்டும். தர மறுத்தால், மகன் தன் சொந்த மெயிலிலிருந்து பல்கலையின் மாணவர் சேர்க்கை அலுவலகத்துக்கு நான்கு வரி எழுதட்டும்: விண்ணப்ப எண், பிறந்த தேதி, பாஸ்போர்ட் நகல், "இனி இந்த முகவரியில்தான் தொடர்பு கொள்ளவும்" என்ற வேண்டுகோள். ஆங்கிலத்தில் எழுதினால் போதும். ஆகஸ்டில் பதில் வர இரண்டு வாரம் ஆனாலும் ஆகும். ஜெர்மன் அலுவலகங்களில் கோடை விடுமுறைக்கு எந்த அவசரமும் குறுக்கே நிற்காது.

அடுத்து பணம். கட்டணம் இடம் கிடைத்ததற்காக அல்ல, சேர்க்கைப் பதிவுக்காக. பதிவுக்கான கடைசித் தேதி கடிதத்திலேயே இருக்கும், அதற்குள் போய்ச் சேர வேண்டும். 1,500-உடன் 70 யூரோ நிர்வாகக் கட்டணம், மாணவர் நலச் சங்கத்தின் பங்கு, மாணவர் பேரவைச் சந்தா ஆகியவை சேரும். ஊருக்கு ஊர் மாறினாலும் இந்தச் சில்லறைகள் எல்லாம் கூடி 150 முதல் 200 யூரோவை ஒட்டி வரும். இவற்றுக்கு வேறு மாநிலத்திலும் விலக்கில்லை, "இலவசம்" என்று சொல்லப்படும் இடங்களிலும் கட்டியே ஆக வேண்டும்.

பெறுபவர் பெயர் பல்கலையாகவோ மாநிலக் கருவூலமாகவோ இருக்கும். ஐபான் எண் (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) டி.இ. என்று தொடங்கி, மொத்தம் 22 இடங்கள் கொண்டதாக இருக்கும். தனிநபர் பெயரோ, டிராவல்ஸ் பெயரோ, துபாய் கணக்கோ இருந்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். கடிதத்தில் இருக்கும் எண்ணையும் பல்கலைத் தளத்தில் இருக்கும் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட வேண்டும். பி.டி.எஃப்.பில் இரண்டு இலக்கத்தை மாற்றுவது பெரிய வித்தை இல்லை.

உங்கள் சொந்த வங்கிக் கிளையிலேயே இதை அனுப்பலாம். பான் கார்டு, மகனின் பாஸ்போர்ட் நகல், அனுமதிக் கடிதம், கட்டண அறிவிப்பு ஆகியவற்றை எடுத்துப் போய் ஏ2 படிவம் நிரப்ப வேண்டும். கல்விக்கான நோக்கக் குறியீடு எஸ்0305. படிவத்தில் வங்கிச் செலவை யார் ஏற்பது என்று மூன்று கட்டங்கள் இருக்கும். அதில் ஓ.யு.ஆர். என்று போட்டிருப்பதை, அதாவது முழுச் செலவும் அனுப்புபவருடையது என்பதை, டிக் செய்யுங்கள். எஸ்.ஹெச்.ஏ. என்பதை டிக் செய்தால் இடையில் இருக்கும் வங்கி தன் பங்கை எடுத்துக்கொள்ளும். 1,700 அனுப்பினால் 1,682 போய்ச் சேரும். 18 யூரோ குறைந்ததற்காகக் கோப்பு நகராமல் நிற்கும், அதை யாரும் கூப்பிட்டுச் சொல்லவும் மாட்டார்கள். குறிப்பு எழுதும் இடத்தில் அவர்கள் கொடுத்திருக்கும் விண்ணப்ப எண்ணை அப்படியே போட வேண்டும். "செமஸ்டர் ஃபீஸ்" என்று எழுதினால் எந்த மாணவனுடையது என்று தெரியாமல் பணம் கருவூலத்தில் கிடக்கும். அனுப்பியதற்கான ஸ்விஃப்ட் நகலை வாங்கி, மகன் பெயரில் பத்திரப்படுத்துங்கள்.

இதைச் செய்ய வங்கி கேட்பது சில ஆயிரத்துக்குள்தான். 1,700 யூரோவுக்கு அன்றைய ரேட்டைப் பெருக்கி, வங்கிச் செலவையும் சேர்த்து, கன்சல்டன்சி கேட்ட 1.95 லட்சத்திலிருந்து கழித்துப் பாருங்கள். மிஞ்சுவதுதான் அவர்களின் "உதவி".

இப்போது விலக்குக்கு வருவோம். உங்கள் கேள்வியின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது, ஏமாற்றும் அங்கேதான் நடக்கிறது. சட்டத்தில் விலக்குகள் நிஜமாகவே உண்டு. அவற்றில் உங்களைப் போன்றவர்களுக்குக் காட்டி ஆசை மூட்டப்படுவது ஒன்றுதான்: ஜெர்மனியில் வேலை பார்க்கும் குடும்பத்தினர் சம்பந்தப்பட்டது. விதி இது. மாணவனின் தாய் அல்லது தந்தை, இருவரில் ஒருவராவது, படிப்பு தொடங்குவதற்கு முந்தைய 6 ஆண்டுகளுக்குள் மொத்தம் 3 ஆண்டுகள் ஜெர்மனியில் தங்கி, சட்டப்படி வேலை பார்த்திருக்க வேண்டும். அல்லது மாணவனே படிப்புக்கு முன் 5 ஆண்டுகள் அங்கே தங்கி வேலை பார்த்திருக்க வேண்டும்.

தாய், தந்தை என்றுதான் இருக்கிறது. மாமா இல்லை. சித்தப்பா இல்லை, அக்கா கணவர் இல்லை, உடன்பிறந்த அண்ணன்கூட இல்லை. உங்கள் மைத்துனர் ஸ்டுட்கார்ட்டில் எத்தனை வருடம் வேலை பார்த்திருந்தாலும், சொந்த வீடே வாங்கியிருந்தாலும், அதனால் உங்கள் மகனுக்கு ஒரு யூரோகூடக் குறையாது. அவரைக் "கார்டியன்" என்று முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிக் கொடுத்தாலும் குறையாது. 21 வயதுக்காரனுக்குக் கார்டியன் எதற்கு என்றுதான் அங்கே கேட்பார்கள். நீங்களே ஐ.டி. கம்பெனி வழியாக ஆன்சைட் போய் அவ்வப்போது இரண்டு மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவராக இருந்தாலும் 3 ஆண்டுக் கணக்கு நிரம்பாது. விட்டுவிட்டு இருக்கலாம், ஆனால் கூட்டினால் 3 வர வேண்டும், அதுவும் அந்த 6 ஆண்டுக்குள். 2010-இல் நான்கு வருடம் அங்கே இருந்தேன் என்பது இப்போது செல்லாது. தகுதி நிஜமாகவே இருப்பவர்கள் வேலை கொடுத்தவரின் சான்று, வசிப்பிடப் பதிவுச் சான்று போன்றவற்றைப் பல்கலையின் படிவத்தோடு இணைத்து, சேர்க்கைப் பதிவுக்கு முன்பே மகன் அல்லது மகள் பெயரில் நேரடியாகக் கொடுத்தால் போதும். படிவத்துக்குக் கட்டணம் இல்லை. "இரண்டாவது செமஸ்டரிலிருந்து வாங்கித் தருகிறோம்" என்பதற்குக் காரணம், முதல் செமஸ்டர் முடிவதற்குள் 60,000 கை மாறிவிடும் என்பதுதான்.

திறமைக்கான விலக்கு என்றும் ஒன்று உண்டு. பல்கலை தன் வெளிநாட்டு மாணவர்களில் ஒரு சிறு சதவீதத்தினருக்குத் தன் சொந்த விதிப்படி தரலாம். எல்லாப் பல்கலையும் தருவதில்லை, வெளியிலிருந்து எவரும் வாங்கித் தரவும் முடியாது. மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கான சலுகைப் பட்டியலில் இந்தியா இல்லை.

மாநிலம் மாறும் யோசனை காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆஹன், டார்ம்ஸ்டாட், பிரவுன்ஷ்வைக் போன்ற இடங்களின் தொழில்நுட்பப் பல்கலைகளில் வழக்கமான மாஸ்டர்ஸ் படிப்புக்கு இந்த 1,500 கிடையாது என்பது சரி. ஆனால் ஜெர்மனியில் "டிரான்ஸ்ஃபர்" என்று ஒன்று இல்லை. அங்கே புதிதாக விண்ணப்பித்து, புதிதாக இடம் வாங்க வேண்டும். முதல் பல்கலையில் எழுதிய பாடங்களில் எதை அவர்கள் ஏற்பார்கள் என்பது அங்கிருக்கும் தேர்வுக் குழுவின் முடிவு. குடியிருப்பு அனுமதியில் படிப்பும் பல்கலையும் குறிப்பிட்டிருந்தால் வெளிநாட்டவர் அலுவலகத்திலும் மாற்ற வேண்டும், அந்த அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே தனிப் புராணம். இவ்வளவும் முடிவதற்குள் இரண்டாவது செமஸ்டர் கட்டணமும் போயிருக்கும். இந்த ஆண்டே வேறு மாநிலத்தில் சமமான படிப்பில் இடம் கையில் இருந்தால் அதை எடுக்கலாம். இல்லையென்றால், பிடித்த படிப்பை 1,500-க்குப் பயந்து விட வேண்டாம் என்பது என் கருத்து. வாடகையைப் பாருங்கள். இரண்டு ஊர்களுக்கிடையே மாதம் 250 யூரோ வித்தியாசம் இருந்தால் ஆறு மாதத்தில் அதுவே 1,500 ஆகிவிடுகிறது.

"மியூனிக் போனால் கட்டணம் இல்லை" என்று இன்னமும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலம், கட்டணம் வாங்கும் உரிமையைப் பல்கலைகளுக்கே கொடுத்துவிட்டது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலை 2024-25 குளிர்காலத்திலிருந்து புதிதாகச் சேரும் வெளிநாட்டு மாணவர்களிடம் மாஸ்டர்ஸுக்குச் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. அதன் முன்னால் 1,500 சிறிய தொகைதான்.

உண்மையில் உங்கள் பட்ஜெட்டைக் கடிப்பது செமஸ்டர்களின் எண்ணிக்கை. கட்டணம் படிப்புக்கு அல்ல, பதிவில் இருக்கும் ஒவ்வொரு செமஸ்டருக்கும். நான்கு செமஸ்டர் படிப்புக்கு 6,000 யூரோ என்று நினைத்துப் போகிறவர்கள், ஆய்வேடு இழுத்துக்கொண்டு ஆறு செமஸ்டர் ஆகி 9,000 கட்டுகிறார்கள். கடைசியில் ஒரே ஒரு தேர்வு பாக்கி என்றாலும் முழு 1,500 உண்டு, பாதி என்பது கிடையாது. மகனிடம் சொல்லி அனுப்புங்கள்: கம்பெனியில் தானாக விரும்பி ஆறு மாத இன்டர்ன்ஷிப் செய்வதானால், விடுப்புச் செமஸ்டர் கேட்டுப் போகட்டும். விடுப்பில் இருக்கும் செமஸ்டருக்கு இந்தக் கட்டணம் இல்லை. ஆனால் விண்ணப்பம் வகுப்புகள் தொடங்குவதற்கு முன் பல்கலையின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு வாரம் தாமதித்தால் 1,500 போச்சு.

விசாவுக்காக முடக்கக் கணக்கில் (பிளாக்ட் அக்கவுன்ட்) போடும் 11,904 யூரோ வேறு. அது மாதம் 992 வீதம் சாப்பாடு, வாடகைக்கு. கல்விக் கட்டணத்துக்கு அதில் இடம் இல்லை. ஆண்டுக்கு 3,000 யூரோ தனியாக எடுத்து வைக்க வேண்டும். பார்ட் டைம் வேலையில் கட்டிவிடலாம் என்று கன்சல்டன்சி சொல்லியிருக்கும். ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை பார்க்க அனுமதி உண்டு, ஆனால் ஜெர்மன் பேசத் தெரியாமல் முதல் செமஸ்டரில் வேலை கிடைப்பது அரிது. முதல் ஆண்டுக் கட்டணத்தை இங்கிருந்தே எடுத்து வையுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கன்சல்டன்சிகள் பேக்கேஜில் சேர்த்து விற்கும் மலிவான தனியார் காப்பீட்டை, மகன் அங்கே படிக்கும் காலம் முழுவதுக்குமான மருத்துவக் காப்பீடாக வாங்கிவிடாதீர்கள். பயணத்துக்கும் முதல் சில நாட்களுக்கும் ஒன்று தேவைதான், அது வேறு. சேர்க்கைப் பதிவு நடக்க, அரசு முறைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று பல்கலைக்கு எம்10 என்ற மின்னணு அறிவிப்பை அனுப்ப வேண்டும். மகன் 30 வயதுக்குள் இருப்பதால் மாணவர் கட்டணத்தில் அங்கே சேரலாம். தனியாருக்குப் போவதற்காக அரசு முறையிலிருந்து விலக்கு வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அந்தப் படிப்பு முடியும்வரை திரும்ப உள்ளே வர முடியாது. கையெழுத்துக் கேட்கும் தாள் ஜெர்மனில் இருந்தால், மொழிபெயர்த்துப் படிக்காமல் போடக் கூடாது என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அதைக் கன்சல்டன்சி மெயிலில் அனுப்பியிருந்தாலும் சரி, விமான நிலையத்தில் வரவேற்க வந்தவர் நீட்டினாலும் சரி.